தறி நிற்கும் நாள்

1

முடியாத நாளில் மிகக் குறைவாக வேலை செய்ய ஒரு மனிதன் யாரிடம் அனுமதி பெறவேண்டும்? இந்தக் கேள்விக்கு இப்போது ஒரு பதில் தயாராக இருக்கிறது: உன்னிடமே பெற்றுக்கொள். உனக்கு நீயே அனுமதி கொடு, இன்று படுத்திரு, மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். மனநல ஆலோசகர்களும் பத்திரிகைகளின் உளவியல் பக்கங்களும் இதைத்தான் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அனுமதி என்ற காரியத்துக்கு இரண்டு பேர் வேண்டும். கேட்பவன் ஒருவன், கொடுப்பவன் ஒருவன். இரண்டு பேரும் ஒரே ஆளுக்குள் அடைபட்டுவிடும்போது கேட்பவன் கூசுகிறான், கொடுப்பவன் கணக்குப் பார்க்கிறான். படுத்திருக்கும் மனிதனுக்குள் ஒரு மேஸ்திரி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இந்த மேஸ்திரி எப்போது உள்ளே வந்தான் என்பதை மனத்தை மட்டும் நோண்டிக் கண்டுபிடித்துவிட முடியாது. அது சரித்திரத்தின் கேள்வி. அதை நான் வெண்ணந்தூரை வைத்துப் பார்க்க முயல்கிறேன். சேலத்துக்குத் தெற்கே, ராசிபுரம் தாலுக்காவில், அலவாய்மலைப் பக்கம் இருக்கும் நெசவூர் இது. 1997ல் நாமக்கல் தனி மாவட்டமாக ஆகும்வரை சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. நெசவுச் சரித்திரத்தில் இன்னும் சேலத்தைச் சேர்ந்ததுதான். பகலில் தெருவில் நடந்தால் முதலில் கேட்பது விசைத்தறியின் இரைச்சல். அதற்கடியில், காதைக் கொடுத்துக் கேட்டால், கைத்தறியின் ஓசை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சத்தத்தின் அளவில் மட்டும் இல்லை. கைத்தறி ஓசை உள்ளே இருப்பவனின் மூச்சைத் தொடர்ந்து வருவது. நிற்கும், யோசிக்கும், இழை அறுந்தால் மௌனமாகும், மறுபடி பிடிக்கும். விசைத்தறி மின்சாரத்தைத் தொடர்ந்து வருவது. கைத்தறி ஓசையில் இருக்கும் அந்த இடைவெளி என்ன ஆயிற்று என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

2

பழைய நெசவூரில் தறி நிற்கும் நாட்களுக்குப் பெயர் இருந்தது.

முதலாவது அமாவாசை. தமிழ்நாட்டு நெசவூர்களில் பரவலாக, அமாவாசையன்று தறியில் இறங்கமாட்டார்கள். உழவர்கள் அன்று ஏர் பூட்டாததைப் போல. ஞாயிற்றுக்கிழமை வந்து வாரத்தைப் பங்கு போடுவதற்கு முன்னால் இங்கே மாதத்தைப் பங்கு போட்டது நிலா. மில் தொழிலாளிக்கு அந்த ஞாயிறுகூடத் தானாக வரவில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே மில் தொழிலாளர்களைத் திரட்டிப் பல வருஷம் கேட்ட பிறகுதான், 1890ல், மில் முதலாளிகள் வாரத்துக்கு ஒரு நாளை விட்டுக்கொடுத்தார்கள். தன் வீட்டில் நெய்தவனோ தன் அமாவாசைக்காக யாரிடமும் மனு எழுதவில்லை.

இரண்டாவது மழை. தறி பார்த்திராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குழித்தறி என்பது வீட்டுக்குள் தரையில் வெட்டிய குழி. நெசவாளி அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிகளை மிதிக்கிறான். அடைமழையில் குழியில் நீர் ஊறும். அதைவிட முக்கியம் பாவு. தறியில் ஏறுவதற்கு முன் நெடுக்கு இழைகளை நீளமாக வெளியில் நீட்டி, அரிசிக் கஞ்சி ஏற்றி, இழை இழையாக ஒட்டாமல் தூரிகையால் நீவி, வெயிலிலும் காற்றிலும் உலர்த்தவேண்டும். வீட்டுக்குள் இடம் போதாது. சேலம் வட்டாரத்தில் இதற்கென்று ஊர்ப்பொதுவாக விட்டிருந்த திறந்தவெளிக்குப் பாவடி என்று பெயர். சேலம் நகரத்தில் அந்தச் சொல் தெருப் பெயராகவும் பள்ளிக்கூடத்தின் பெயராகவும் மிஞ்சியிருக்கிறது. பாவு நீட்டுவது ஒற்றை ஆளால் ஆகிற வேலையல்ல; விடியற்காலையில் அக்கம்பக்கத்தார் வந்து கை கொடுத்தால்தான் நடக்கும். மழை வந்தால் பாவடி முழுவதும் ஓய்ந்துவிடும். அப்போது ஒருவன் மட்டும் சும்மா இருப்பதில்லை. ஊரே சும்மா இருக்கிறது.

மூன்றாவது தீட்டு, சாவிலும் பிறப்பிலும் வருவது. நான்காவது அம்மை. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் அந்த வீட்டை யாரும் எதுவும் கேட்பதில்லை. தாளிக்கும் வாசனைகூட எழக்கூடாத வீட்டில் தறியோசை எழவில்லையே என்று யார் கேட்கப் போகிறார்கள்?

இந்த நாட்களில் ஓய்வதற்குத் தகுதியை நிரூபிக்க வேண்டியதில்லை. உனக்கு என்ன கஷ்டம், உண்மையாகவே கஷ்டமா என்ற விசாரணை கிடையாது. மனம் கனத்துக் கிடந்தவனும், கை வலித்தவனும், நன்றாக இருந்தவனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். கஷ்டத்தில் இருந்தவனை மற்றவர்களின் சாதாரண ஓய்வு மூடி மறைத்தது. பொது அனுமதி என்று நான் சொல்வது இதைத்தான். பாவடி எப்படிப் பொது நிலமோ, அதைப்போல அமாவாசை பொதுக் காலம்.

இதைச் சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டு நிறுத்திக்கொள்வது சுலபம். பழைய கிராமம் பற்றி நம்மில் பலர் அப்படித்தான் எழுதிவருகிறோம். ஆனால் பெயருள்ள நாட்களுக்கு விலை இருந்தது. கைத்தறியில் கூலி நெய்த அளவுக்குத்தான். நெய்யாத நாளின் கூலியை நெசவாளி தன் வயிற்றிலிருந்து கொடுத்தான். இரண்டாவது, அனுமதி ஆணின் அனுமதி. அமாவாசையன்று தறி நிற்கும், அடுப்பு நிற்காது. வீடு கழுவ, படையலுக்குச் சமைக்க, விரதம் காக்க அன்று பெண்ணுக்கு மற்ற நாளைவிட வேலை அதிகம். அவளுக்கென்று சமூகம் ஒதுக்கிய ஓய்வு ஒன்று உண்டென்றால் அது மாதத்தில் மூன்று நாள் 'தூரம்'. ஓய்வைக் கொடுத்து அதன் கழுத்தில் அசுத்தம் என்ற பட்டயத்தைக் கட்டித் தொங்கவிட்டது நம் கலாச்சாரம். தீட்டு என்ற அந்த மொழியே ஜாதி பேசும் மொழி. ஆகவே பெயருள்ள நாட்களை மீட்டுக் கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி அல்ல. அவை எப்படி வேலை செய்தன என்பது தெரியவேண்டும், அவ்வளவுதான்.

3

நெசவூரில் இன்னொரு நாளும் உண்டு. அதற்குப் பெயர் கிடையாது. அமாவாசை இல்லை, மழை இல்லை, வீட்டில் சாவு இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் அவனால் குழியில் இறங்க முடியவில்லை. பஞ்சாங்கத்திலும் வைத்தியத்திலும் இதற்கு இடம் கிடையாது. நம் நீதி நூல்களில் இதற்குக் கிடைத்திருக்கும் ஒரே பெயர் மடி, சோம்பல். வள்ளுவரை நெசவாளி என்று சொல்லும் கர்ண பரம்பரைக் கதை பழையது. அந்த வள்ளுவரே மடியின்மைக்கு ஒரு அதிகாரம் முழுவதையும் ஒதுக்கினார், அதற்கு முன்னால் ஊக்கத்துக்கும் பின்னால் முயற்சிக்கும் ஒவ்வொரு அதிகாரம். இன்னொரு பக்கத்தில் நம் ஞான மரபு சும்மா இருப்பதை உச்சியில் தூக்கி வைத்தது. சித்தர்களுக்கும் துறவிகளுக்கும் எட்டும் உயரத்தில். நடுவில், நாளைக்கு நெய்தாகவேண்டிய ஒரு சாதாரண மனிதன் இன்று மட்டும் கொஞ்சமாக இருப்பதற்கு, நீதியிலும் ஞானத்திலும் ஒரு சொல்லைக் காணோம்.

சொல் இல்லாத இடத்தில் தொழில் ஒரு வழி வைத்திருந்தது. கைத்தறி வீட்டில் வேலை ஒரே கனத்தில் இல்லை. குழியில் இறங்கி நெய்வது கனமானது. கால், கை, கண் மூன்றும் சேர்ந்து இயங்கவேண்டும். பாவு பிணைப்பது கண்ணுக்குக் கடினம், உடம்புக்கு லேசு. சிட்டத்திலிருந்து நூலைப் பிரிப்பது அதைவிட லேசு. எல்லாவற்றிலும் லேசு தார் சுற்றுவது: ராட்டையை ஒரு கையால் சுழற்றி, நாடாவுக்குள் போகும் ஊடை நூலைச் சின்னக் குச்சியில் ஏற்றுவது. முதியவர்கள் செய்வார்கள், பெண்கள் செய்வார்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை செய்யும். முடியாத நாளில் நெசவாளியும் செய்வான். 'இன்னைக்கு முடியலீங்க, தார் சுத்திட்டு இருக்கறனுங்க' என்று இந்தப் பக்கத்தில் ஒருவர் சொன்னால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. அவர் வேலை செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது, செய்தார் என்றும் சொல்ல முடியாது. நாளைய நெசவுக்கு வேண்டிய நூல் மட்டும் குச்சியில் ஏறிக்கொண்டிருக்கிறது.

எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. விடுமுறை என்பது வேலைக்கும் வேலையின்மைக்கும் நடுவே ஒரு கோடு கிழிக்கிறது. தார் சுற்றும் நாள் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. முழுக்கப் படுத்துவிட்டால் மறுநாள் எழுவது இரட்டிப்புக் கஷ்டம் என்பது மனச்சோர்வை அறிந்த எவருக்கும் தெரியும். முழுக்க வேலை செய்யச் சொன்னால் ஆள் முறிந்துவிடுவான் என்பதும் தெரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன வேலை, கையை மட்டும் கேட்டு மனத்தை விட்டுவிடுகிற வேலை, வீட்டுக்குள்ளேயே காத்திருந்தது.

இங்கேயும் கணக்கின் மறுபக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஆண் முடியாத நாளில் வந்து உட்காரும் அந்த ராட்டையில் மனைவி எல்லா நாளும் உட்கார்ந்திருந்தாள். அவள் சுற்றிய தாருக்குத் தனிக் கூலி கிடையாது. புடவைக்கு இன்ன கூலி என்று கணக்குப் போடும்போது அவள் அந்தப் புடவைக்குள் மறைந்துவிடுவாள். அவனுக்கு ஓய்வாக இருந்தது அவளுக்கு உத்தியோகம். அவளுடைய முடியாத நாளுக்கு இதைவிட லேசான வேலை எதுவும் கீழே இல்லை.

4

இந்தப் பெயரில்லாத நாள் ஒருமுறை சர்க்காரோடு மோதியது. சேலத்தில், இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளியைப் பற்றிப் பிரசன்னன் பார்த்தசாரதி 2001ல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் ஒரு செய்தி இருக்கிறது. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளி, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். அது வழக்கத்தில் ஊன்றிய உரிமை. பணம் வாங்கினான் என்பதால் காலத்தை விற்றுவிட்டான் என்று ஆகவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ராஜ்யாதிகாரத்தைக் கையில் எடுத்த பிறகுதான், அதிகாரத்தைக் கொண்டு நெசவாளியை ஒப்பந்தத்தில் கட்டிப்போடும் முறை வலுப்பட்டது. 1792ல் திப்புவிடமிருந்து சேலம் சீமையும் பாராமகாலும் கம்பெனி கைக்கு வந்தன. ஆனால் கம்பெனிகூட நெசவாளியின் வீட்டுக்குள் வந்து, காலையில் எத்தனை மணிக்குக் குழியில் இறங்கினாய் என்று கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது குறித்த கெடுவில் துணி.

மணியைக் கேட்டவர் ஆல்பிரட் சாட்டர்டன். கெட்ட மனிதர் அல்ல. தொழில் வளர்ச்சியில் நிஜமான அக்கறை உள்ளவர். சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தவர், குரோம் தோல் பதனிடலைச் சென்னை ராஜதானியில் நிலைக்கவைக்க முயன்றவர். கைத்தறி நெசவாளி நசிந்துபோகாமல் இருக்க இரண்டு காரியம் வேண்டும் என்று கருதினார். ஒன்று, இங்கிலாந்தில் ஜான் கே 1733ல் கண்டுபிடித்த பறக்கும் நாடா. குஞ்சத்தை இழுத்தால் தானே ஓடும், கையால் எறிந்து வாங்குவதைவிட வேகமாக நெய்யலாம். இரண்டு, தறிகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து நெசவாளிகளைக் கூலிக்கு அமர்த்துவது. 1906 வாக்கில் சேலத்தில் சர்க்கார் நெசவுத் தொழிற்சாலை ஒன்று இந்த நோக்கத்தோடு இயங்கத் தொடங்கியது. நல்ல தறி, ஒழுங்கான வேலை, ஒழுங்கான கூலி.

நெசவாளிகள் ஒழுங்காக வரவில்லை. 1912ல் வெளிவந்த தன் புத்தகத்தில் சாட்டர்டன் இதை எழுதியிருக்கிறார்: தொழிற்சாலைக் கட்டுப்பாடும் குறித்த நேர வேலையும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை, வீட்டில் பெண்டு பிள்ளைகளின் உதவியோடு நெய்வதையே விரும்புகிறார்கள் என்று. அதற்குள் 1910ல் இந்தியா மந்திரி மார்லி பிரபு, சர்க்கார் தானே தொழில் நடத்துவதை ஏற்க மறுத்துவிட்டார். தனியார் முதலாளிகளின் எதிர்ப்பும் அதன் பின்னால் இருந்தது. சேலம் தொழிற்சாலையும் அந்த வருஷமே மூடப்பட்டது.

இதைப் பொருளாதார சரித்திரக்காரர்கள் பலவிதமாகப் படித்திருக்கிறார்கள்: காலனி அரசின் தயக்கம் என்று, வெள்ளை வியாபாரிகளின் சூழ்ச்சி என்று, நெசவாளியின் பழமைப்பற்று என்று. கடைசியாகச் சொன்னது நிற்காது. ஏனென்றால் அடுத்த முப்பது வருஷத்தில் இதே நெசவாளிகள் பறக்கும் நாடாவைத் தங்கள் வீட்டுத் தறியில் பொருத்திக்கொண்டுவிட்டார்கள். பேராசிரியர் பி.ஜே. தாமஸ் தலைமையில் 1941ல் அமைந்த கைத்தறி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது சென்னை ராஜதானியில் பெரும்பான்மைத் தறிகள் பறக்கும் நாடாத் தறிகள். கருவியை ஏற்றார்கள், கூரையை மறுத்தார்கள். பழமைப்பற்று உள்ளவன் இரண்டையும் அல்லவா மறுத்திருக்க வேண்டும்?

கூரையில் என்ன இல்லை? என் வாசிப்பில், கூரையின் கீழ் ராட்டை இல்லை. இருந்தாலும் அது வேறொரு கூலியாளின் ராட்டை. தொழிற்சாலைக்கு வருபவன் நெய்யத்தான் வருகிறான். இன்று எனக்கு முடியவில்லை, தார் சுற்றுகிறேன் என்று அங்கே சொல்ல முடியாது. வந்தால் முழு நெசவு, இல்லாவிட்டால் வராமலேயே இருப்பது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆனபோது அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதிகாரியின் பதிவேட்டில் அது வராத நாள் என்று விழுந்தது. வீட்டில் இருந்திருந்தால் அது கொஞ்சம் வேலை செய்த நாளாக இருந்திருக்கும். ஒரே மனிதனின் ஒரே சோர்வு, கூரை மாறியதும் குற்றமாக மாறிவிட்டது.

இது நமக்கு மட்டும் வந்த விதி அல்ல. இ.பி. தாம்சன் 1967ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், இங்கிலாந்துக் கைத்தொழிலாளிகள் திங்கட்கிழமையை ஒரு புனிதரின் திருநாள் மாதிரி கொண்டாடித் தறியைத் தொடாமல் இருந்ததையும், வாரக் கடைசியில் இரவு பகலாக உழைத்து ஈடுகட்டியதையும், ஆலைச் சங்கும் கடிகாரமும் பள்ளிக்கூடமும் மதப் பிரசங்கமும் சேர்ந்து தலைமுறை தலைமுறையாக அதை அழித்ததையும் விவரிக்கிறார். முதலில் தொழிலாளி கடிகாரத்தை எதிர்த்தான். பிறகு கடிகாரத்தின் அளவுகளுக்குள் நின்று கூலி கேட்டான். எதிர்ப்பு என்ற அளவில் அது வளர்ச்சிதான். ஆனால் அந்தப் போக்கில் கடிகாரம் அவன் கைக்கு வந்து, பிறகு அவனுக்குள் வந்துவிட்டது. நம் மேஸ்திரியும் இப்படித்தான் உள்ளே வந்தான். மார்க்ஸின் மருமகன் பால் லபார்க் 1880ல் சோம்பியிருக்கும் உரிமை பற்றித் துண்டுப் பிரசுரம் எழுதியபோது, தொழிலாளியே வேலையைக் கும்பிடத் தொடங்கிவிட்டானே என்பதுதான் அவருடைய ஆத்திரம். அவர் கிண்டலாகப் பேசினார். சேலத்து நெசவாளி அதைப் பேசாமலே செய்திருந்தான், கொஞ்ச காலம்.

5

கூரை மறுபடியும் வந்தது, வேறு வழியில். விசைத்தறி சர்க்கார் தொழிற்சாலையாக வராமல், பக்கத்து வீட்டுக் கொட்டகையாக வந்தது. வெண்ணந்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு, குமாரபாளையம், பள்ளிபாளையம் என்று இந்தப் பிரதேசம் முழுவதும் பரவிவிட்டது. பலபேர் தங்கள் வீட்டுக் கைத்தறிக் குழியைத் தாங்களே மூடிவிட்டு அதன் மேல் நான்கு விசைத்தறி நிறுத்தினார்கள். ஒரு ஆள் பல தறிகளுக்கு நடுவே நின்று, எது நின்றது, எதில் தார் தீர்ந்தது, எதில் இழை அறுந்தது என்று பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். அதில் லேசான பகுதி, கனமான பகுதி என்று கிடையாது. அரை வேகத்தில் ஓட்ட முடியாது. உன் சோர்வைத் தறி அறியாது.

சட்டம் உதவிக்கு வந்ததா? 1948 தொழிற்சாலைச் சட்டம் வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும், வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவனுக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பும் வகுத்தது. ஆனால் மின்சாரத்தில் இயங்கும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தின் கண்ணில் அது தொழிற்சாலையாக இருந்தது. நான்கு தறி, ஆறு தறி வைத்த கொட்டகை அந்தக் கணக்குக்குள் வரவில்லை.

சட்டத்துக்குப் பதிலாக இருந்தது முன்பணம். இந்தப் பக்கத்தில் அதைப் பாக்கி என்பார்கள். 1990களில் குமாரபாளையத்தில் தங்கி ஆராய்ந்த மானுடவியலாளர் கெர்ட் டி நெவ் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். முதலாளி ஆளைப் பிடித்துவைக்கப் பாக்கி கொடுக்கிறார். வாங்கியவர் கட்டுப்பட்டுவிட்டதாகப் பாவிக்கிறார். ஆனால் அவர் கட்டுப்படுவதும் இல்லை. வராமல் நிற்கிறார், வேறு பட்டறைக்குத் தாவுகிறார், அங்கே பெரிய பாக்கி வாங்கி இங்கே அடைக்கிறார். வேலைக்கு வராத தறிக்காரர் பற்றி முதலாளிகள் புலம்பியதைப் படிக்கும்போது சாட்டர்டனின் குரல் கேட்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகியவனின் உரிமை, நூலிழை போலத் தேய்ந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வராமல் இருப்பதாக மிஞ்சியிருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால் அவன் திருட்டுத்தனமாக ஓய்வெடுக்கிறான். ஊர் அவனோடு உட்கார்ந்திருக்கவில்லை. பாக்கி அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறது.

வேலை நின்ற நாட்கள் இல்லாமல் இல்லை. 1950களின் தொடக்கத்தில் நூல் விலையாலும் துணித் தேக்கத்தாலும் தறிகள் நின்று, நெசவாளிகளுக்குக் கஞ்சித் தொட்டி திறந்தார்கள், தி.மு.க. தலைவர்கள் 1953ல் கைத்தறித் துணியைத் தெருவில் தோளில் சுமந்து விற்றார்கள். 2008க்குப் பின் சில வருஷங்கள் மின்வெட்டு விசைத்தறியை மணிக்கணக்கில் நிறுத்தியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லாச் சத்தத்தையும் ஒரேயடியாக அடக்கியது. இவற்றை ஓய்வு என்று சொல்பவனுக்கு நெசவும் தெரியாது, பசியும் தெரியாது. பறிக்கப்பட்ட வேலைக்கும், தான் குறைத்துக்கொண்ட வேலைக்கும் நடுவில் இருக்கும் தூரம், பட்டினிக்கும் விரதத்துக்கும் உள்ள தூரம்.

நான் பார்க்கும் குமாஸ்தா உத்தியோகம் இந்த வரிசையில் சௌகரியமான முனையில் இருக்கிறது. 1966ல் ஏற்பட்ட முதல் இருதரப்பு ஒப்பந்தத்திலிருந்து வளர்ந்த விதிகளின்படி எங்களுக்கு வருஷத்தில் 12 நாள் தற்செயல் விடுப்பு, ஒரு தடவைக்கு 4 நாளுக்கு மேல் இல்லை. நோய்க்கு வேறு விடுப்பு, மருத்துவர் சான்றோடு. 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளும் விடுமுறை. போராடிப் பெற்றவை, நான் அவற்றைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் விடுப்புத் தாளில் காரணம் என்று ஒரு இடம் இருக்கிறது. சொந்த வேலை என்று எழுதலாம், உடல்நலக் குறைவு என்று எழுதலாம். இன்று முடியவில்லை, ஆனால் வருகிறேன், பழைய வவுச்சர்களை அடுக்கித் தைத்துக்கொண்டு ஓரமாக இருக்கிறேன் என்று எழுத இடமில்லை. கவுண்டரில் உட்கார்ந்தால் முழு மனிதன்; உட்காராவிட்டால் வராதவன். சாட்டர்டனின் பதிவேடு இன்னும் மூடப்படவில்லை.

6

இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்கள் எழுதுகிறவர்கள். ஆகவே கடைசியாக நம் பட்டறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாம்சன் அதே கட்டுரையில் போகிற போக்கில் ஒன்று சொல்கிறார்: வெறியோடு உழைப்பதும் பிறகு சும்மா கிடப்பதுமான அந்தப் பழைய தாளம் கலைஞர்களிடமும் எழுத்தாளர்களிடமும் சிறு விவசாயிகளிடமும் இன்னும் மிஞ்சியிருக்கிறது, மனிதனின் இயற்கையான தாளம் அதுதானோ என்று. நாம் அந்த மிச்சத்தைப் பாதுகாத்தோமா? மௌனி சுமார் 24 கதைகள் எழுதினார். அவர் ஏன் அதிகம் எழுதவில்லை என்ற கேள்வியை நம் விமர்சகர்கள் பாக்கி வசூலிக்க வந்தவர்கள் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் சி.சு. செல்லப்பா 1959லிருந்து 1970 வரை 'எழுத்து'வை 119 இதழ்கள் கொண்டுவந்து, மூட்டையாகக் கட்டித் தானே சுமந்து விற்றார். அவரைப் பற்றிப் பேசும்போது அந்தச் சுமையை வீரமாக்கிவிட்டோம். அதை ஏன் ஒரு மனிதன் தனியாகச் சுமக்க நேர்ந்தது என்று கேட்கவில்லை. மௌனியைச் சோம்பல் என்றும் செல்லப்பாவைத் தியாகம் என்றும் சொல்வது ஒரே மேஸ்திரியின் இரண்டு வாக்கியங்கள்.

சேலத்து நெசவாளி வராமல் இருந்ததிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். முடியாத நாள் எல்லோருக்கும் வரும். அது நோயாகவோ பாவமாகவோ இருக்கவேண்டியதில்லை. அந்த நாளில் மிகக் குறைவாகச் செய்வது மனிதனின் பலவீனம் என்று நினைத்து, அதற்கு அவனே தன்னை மன்னித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது நம் காலத்தின் தந்திரம். மன்னிப்பை அவன் தலையில் கட்டிவிட்டால், பட்டறையின் அமைப்பை யாரும் மாற்றவேண்டியதில்லை அல்லவா? கைத்தறி வீடு ஒரு காலத்தில் செய்தது வேறு. அது மன்னிக்கவில்லை, பாராட்டவும் இல்லை. ஒரு மூலையில் லேசான வேலையைத் தயாராக வைத்திருந்தது. அநீதியோடுதான் வைத்திருந்தது; அந்த மூலையில் ஒரு பெண்ணை நிரந்தரமாக உட்காரவைத்து, அவளுக்குக் கூலியும் கொடுக்காமல். இனி வைக்கிறவர்கள் அவளுக்கும் முடியாத நாள் உண்டு என்று தெரிந்து வைக்கவேண்டும்.

முடியாத நாளில் உட்கார ஒரு ராட்டை வேண்டும். அதைத் தனக்குத் தானே வாங்கி வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. பக்கத்தில் நெய்துகொண்டிருப்பவன் அதற்கு இடம் விடவேண்டும்.